ஓரக் குழிகள் ஏன் சிவந்தன? மரபணு ஒடுக்கச் சோதனைகளுக்கான கணக்கீட்டு முறைகள் குறித்து ஓர் அலசல்

தண்டையார்பேட்டையில் என் வீட்டு மாடியில் சனிக்கிழமை மாலைகளில் கூடும் ஆய்வு மாணவர்கள், சென்ற வாரம் செல்கள் வளர்த்த ஒரு சோதனைத் தட்டின், ஒவ்வொரு குழியின் அளவையும் நிறத்தால் காட்டும் வண்ணப்படத்தைக் கொண்டுவந்தார்கள். 16 வரிசைகள், 24 நெடுவரிசைகள், ஆக 384 குழிகள். பெரும்பாலான குழிகளில் ஏதேனும் ஒரு மரபணுவை ஒடுக்கும் எஸ்ஐஆர்என்ஏ (siRNA) எனும் சிறு ஆர்என்ஏ துண்டு. ஓரக் குழிகள் மட்டும் சட்டம் போட்டதுபோல் சிவந்திருந்தன. அது மரபணுக்களின் வேலையா, அல்லது ஓரத்தில் நீர் கூடுதலாக ஆவியானதன் விளைவா என்பதைப் பிரித்துக் காட்டுவது கணக்கீட்டின் பொறுப்பு.

எல்லோரும் முதலில் எடுப்பது இசட் மதிப்பு. குழியின் அளவிலிருந்து தட்டின் சராசரியைக் கழித்துத் திட்டவிலக்கத்தால் வகுப்பார்கள். அதன் குறையை 5 குழிகளை வைத்தே காட்டலாம்: 98, 100, 101, 103, 20. கடைசிக் குழியில் செல்கள் மடிந்திருப்பது வெறுங்கண்ணுக்கே தெரிகிறது. ஆனால் அந்த 20 சராசரியை 84.4-க்கு இறக்கித் திட்டவிலக்கத்தை 36-க்கு ஏற்றிவிடுவதால், அதன் இசட் மதிப்பு –1.8 அளவில் நின்றுவிடுகிறது; வழக்கமான 3 என்ற எல்லையை அது தொடுவதே இல்லை. சராசரிக்குப் பதில் இடைநிலையையும் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பு), திட்டவிலக்கத்துக்குப் பதில் இடைநிலையிலிருந்து காணும் விலகல்களின், கூட்டல் கழித்தல் குறி நீக்கிய, இடைநிலையை 1.4826-ஆல் பெருக்கியும் வைத்தால், அதே குழி –27 பெறுகிறது. தேடியதை ஒளித்துவைக்கும் பழைய முறையை இன்னும் பயன்படுத்த எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் இந்த உறுதியான இசட் மதிப்புக்கும் குழி எந்த இடத்தில் இருக்கிறது என்பது தெரியாது. அதற்காகவே பி மதிப்பெண் வந்தது. புள்ளியியலாளர் டூக்கி வகுத்த இடைநிலை மெருகேற்றலின் வழியே வரிசை, நெடுவரிசை விளைவுகளை மாறி மாறி நீக்கி, எஞ்சியதை மட்டும் அது மதிப்பிடுகிறது. பெரும்பாலான குழிகளில் ஒன்றும் நடக்கவில்லை என்பதே அதன் அடிப்படை. முதல் சுற்றில் தேறிய மரபணுக்களை மட்டும் ஒரே தட்டில் அடுக்கும் உறுதிப்படுத்தும் சுற்றில் அந்த அடிப்படை உடைந்து, உண்மையான விளைவையே பிழையென்று கழித்துவிடும். அங்கே எந்த மரபணுவையும் ஒடுக்காத எதிர்மறைக் கட்டுப்பாட்டுக் குழிகளை அளவுகோலாகக் கொள்வதே சரி.

ஒரே சோதனையைத் திரும்பச் செய்த மறுபதிவுகள் இருந்தால், சராசரிகளை ஒப்பிடும் வழக்கமான டி சோதனையைவிட எஸ்எஸ்எம்டி (SSMD) எனும் அளவை நான் விரும்புகிறேன். இரு சராசரிகளின் வேறுபாட்டை இரு மாறுபாடுகளின் கூட்டுத்தொகையின் வர்க்கமூலத்தால் வகுப்பதால், அது விளைவின் வலிமையைச் சொல்கிறது. டி சோதனையிலோ, மறுபதிவுகளைக் கூட்டிக்கொண்டே போனால் அற்ப வேறுபாடும் முக்கியமானதாகத் தோன்றும்.

இவை எல்லாம் குழியை மதிப்பிடுபவை; நமக்கு வேண்டியதோ மரபணு. எஸ்ஐஆர்என்ஏவின் வழிகாட்டி இழையில் 2 முதல் 8 வரையிலான நியூக்ளியோடைடுகள் அடங்கிய விதைப்பகுதி வேறு மரபணுக்களின் செய்தி ஆர்என்ஏவோடும் ஒட்டிக்கொள்ளும் என்பதால், ஒரே ஒரு எஸ்ஐஆர்என்ஏ தரும் பெரிய மதிப்பை நான் நம்புவதில்லை. 2007-இல் வெளியான ஆர்எஸ்ஏ (RSA) முறை, எல்லா எஸ்ஐஆர்என்ஏக்களையும் தரவரிசைப்படுத்தி, ஒரே மரபணுவுக்கானவை மேலே குவிவது தற்செயலா என்று பார்க்கிறது. ஒரு மரபணுவுக்கான எஸ்ஐஆர்என்ஏக்களை எல்லாம் ஒரே குழியில் கலந்துவிட்டவர்களுக்கு அது உதவாது.

மாணவர்கள் கொண்டுவந்தது முதல் சுற்றுத் தட்டு. ஒரு மரபணுவுக்குத் தனித்தனிக் குழிகளில் மூன்று எஸ்ஐஆர்என்ஏக்கள். ஆகவே முதலில் பி மதிப்பெண், அதன் மேல் ஆர்எஸ்ஏ என்று முடிவுசெய்தோம். மெருகேற்றிய பின் வரைந்த படத்தில் ஓரத்துச் சிவப்பு மறைந்து, நடுவில் அதுவரை கண்ணில் படாத இரண்டு குழிகள் தெரிந்தன; இரண்டும் ஒரே மரபணுவுக்கானவை.