டார்க் சோல்ஸ் வீடியோ கேம் மூணு பார்ட்ல எது பெஸ்ட்?

என்னைக் கேட்டா இன்னிக்கும் முதல் பார்ட் தான், 2011ல வந்தது. அன்டெட் பாரிஷ்ங்கிற ஏரியாவுல உயிரைக் கையில புடிச்சிட்டு சர்ச் வரைக்கும் போய் அங்க லிஃப்ட்ல இறங்கினா திரும்ப நம்ம பேஸ் மாதிரி இருக்கிற ஃபயர்லிங்க் ஷ்ரைன்லயே வந்து நிப்போம் பாருங்க, எனக்கு உடம்பே சிலிர்த்துடுச்சு, அதுவும் பாதி கேம் வரைக்கும் டெலிபோர்ட் கிடையாதா, வழியெல்லாம் மனப்பாடம் ஆயிடும். ரெண்டாவதுல (2014) சாகச் சாக மேக்ஸ் ஹெல்த் குறையும், உருண்டு தப்பிக்கவே அடாப்டபிலிட்டின்னு ஒரு ஸ்டாட்டைத் தனியா ஏத்தணும், அது எனக்குப் புடிக்கல. ஆனா ரெண்டு கையிலயும் ஆயுதம் வச்சு அடிக்கிறதுக்கு அது தான் சூப்பர். மூணாவது 2016, செம ஸ்பீடு, நேம்லெஸ் கிங்ங்கிற பாஸோட ஃபைட்டுக்காகவே வாங்கலாம், மேப் தான் பெரும்பாலும் ஒரே நேரா போகும். புதுசா ஆடுறவங்க முதல் பார்ட்டை மெருகேத்தி 2018ல வந்த ரீமாஸ்டர்ட்ல ஆரம்பிங்க.