பழைய விறகு அடுப்பைச் செப்பனிடுவதா, புதியது வாங்குவதா? முதலில் புகைபோக்கியை அளந்து பாருங்கள்

வீட்டைச் சூடாக்கச் சுவரில் கட்டிய கணப்பின் குழிக்குள் செருகி வைக்கும் இரும்பு அடுப்பு, அதாவது இன்சர்ட், பழசாகிவிட்டால் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் பெட்டியைத்தான் தட்டிப் பார்க்கிறார்கள். துரு எவ்வளவு, கதவு இறுக மூடுகிறதா, உள்ளே செங்கல் உடைந்திருக்கிறதா என்பதே பேச்சு. அதெல்லாம் முக்கியம்தான். ஆனால் செப்பனிடலாமா, மாற்றலாமா என்பதைத் தீர்மானிப்பது அந்தப் பெட்டிக்கு மேலே போகும் புகைபோக்கி என்பது என் உறுதியான எண்ணம். நாங்கள் புதியதுதான் வாங்கினோம். இந்த அலசலும் அந்தப் பக்கம் சாயும்.

பழையதின் பக்கம் இருக்கும் நியாயம் சிறியதல்ல. 1973, 1979 எண்ணெய் நெருக்கடிகளை ஒட்டி விறகுக்குத் திரும்பியவர்களுக்காகச் செய்யப்பட்ட இன்சர்ட்டுகள் பல, கால் அங்குல எஃகுத் தகட்டை வெல்டு செய்து கட்டியவை. இன்னும் ஒரு தலைமுறை தாங்கும். தேய்கிற பாகங்கள் எல்லாம் மாற்றக்கூடியவை: கதவைச் சுற்றி வரும் கண்ணாடியிழைக் கயிறு, உள்ளே அடுக்கிய தீச்செங்கல், கண்ணாடி, காற்றடிக்கும் ப்ளோயர். கொஞ்சம் கைப்பழக்கம் உள்ளவர் ஒரு வார இறுதியில் முடிக்கக்கூடிய வேலை. வெப்பம் தாங்கும் பெயின்ட் அடித்து, சன்னல்களைத் திறந்துவைத்து மெதுவாகச் சூடேற்றிப் பதப்படுத்தினால் பார்க்கவும் புதிதாகிவிடும்.

பெட்டி தேறுமா என்று பார்ப்பதும் எளிது. அறையை இருட்டாக்கி, உள்ளே ஒரு பிரகாசமான விளக்கை வைத்துக் கதவை மூடுங்கள். எந்த இணைப்பில் வெளிச்சம் கசிகிறதோ அங்கே காற்றும் கசியும். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் கயிறு போய்விட்டது. எஃகுத் தகடு கொஞ்சம் வளைந்திருந்தால் பயப்பட வேண்டாம், வெல்டு விட்டிருந்தால் திரும்பப் போடலாம். வார்ப்பிரும்பில் விரிசல் என்றால் கதையே வேறு. அதை வெல்டு செய்ய முன்சூடும் நிக்கல் கம்பியும் தேர்ந்த கையும் வேண்டும்; அப்படிச் செய்தும் பக்கத்திலேயே அடுத்த விரிசல் விடலாம். ஓர் எச்சரிக்கையும் உண்டு. அந்தக் காலத்து அடைப்புக் கயிறுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. உலர்ந்த நிலையில் சுரண்டாதீர்கள்.

இனிப் புகைபோக்கிக்கு வருகிறேன்.

பழைய இன்சர்ட்டுகளில் பெரும்பாலானவற்றைக் கணப்புக் குழிக்குள் தள்ளி, முன்பக்கத்தை ஒரு தகட்டால் மூடியதோடு விட்டுவிட்டார்கள். புகை வெளியேறும் வாய்க்கும் புகைபோக்கிக்கும் இடையே குழாய் எதுவும் கிடையாது. புகை குழிக்குள் பரவி, தானே வழி கண்டுபிடித்து மேலே போக வேண்டும். திறந்த கணப்புக்காகக் கட்டிய புகைபோக்கி அகலமானது. 12 அங்குலச் சதுரம் என்றால் பரப்பு 144 சதுர அங்குலம். பழைய அடுப்பின் வாய் வழக்கமாக 8 அங்குல வட்டம். அதன் பரப்பு 50 சதுர அங்குலம். 50-லிருந்து 144-க்குள் நுழையும் புகை வேகம் குறைந்து, சுவரோடு ஒட்டிக் குளிர்ந்துபோகும். ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் அதிலுள்ள நீராவியும் தார் ஆவியும் சுவரில் படிய ஆரம்பிக்கும். அதுதான் கிரியோசோட். முதலில் தூரிகைக்கு உதிரும் கரியாக இருக்கும், பிறகு மொறுமொறுப்பான பொருக்காகும், கடைசியில் கண்ணாடிபோலப் பளபளக்கும் கெட்டித் தாராகும். மூன்றாவது நிலைக்குப் போனதைத் தூரிகையால் எடுக்க முடியாது. அது தீப்பிடித்தால் புகைபோக்கிக்குள் வெப்பம் 1,100 டிகிரியைத் தாண்டும். புகைபோக்கியின் உட்புறத்தில் பதித்த களிமண் ஓடுகள் வெடிக்கும், விரிசல் வழியாக வீட்டு மரச்சட்டத்துக்குத் தீ போகும்.

ஆகவே கதவுக்குப் புதுக் கயிறு போட்டு, செங்கல் மாற்றி, பெயின்ட் அடித்து அதே குழிக்குள் திரும்பத் தள்ளினால் அபாயம் அப்படியேதான் இருக்கிறது. பழையதோ புதியதோ, அடுப்பின் வாயிலிருந்து புகைபோக்கியின் உச்சி வரை துருப்பிடிக்காத எஃகு லைனர், அதாவது புகைபோக்கிக்குள் செல்லும் உள்குழாய், இறக்கியாக வேண்டும். விறகுக்கு வழக்கமாக 316 வகை எஃகு. கணப்பின் கழுத்தில் ஓர் அடைப்புத் தகடும் வேண்டும். 'பழசைச் செப்பனிட்டால் செலவு மிச்சம்' என்ற கணக்கு முதலில் ஆட்டம் காண்பது இங்கேதான். லைனரும் அதை இறக்கும் கூலியும் இரண்டு பக்கத்துக்கும் பொது.

பொது என்று சொன்னதும் முழுக்கச் சரியல்ல. 8 அங்குல வாய்க்கு 8 அங்குல லைனர் வேண்டும். சிறிய புகைபோக்கிகளில் 8-க்கு 12 என்று பெயர் சொல்லும் களிமண் குழாயின் குறுகிய பக்கத்தில் உள்ளளவு ஏறத்தாழ 7 அங்குலம்தான். 8 அங்குல வட்டக் குழாய் அதற்குள் இறங்கவே இறங்காது. இறக்க ஓடுகளை உடைத்தெடுக்க வேண்டும், அல்லது நீள்வட்டக் குழாய் தேட வேண்டும். புகைபோக்கி பெரிதாக இருந்தாலும், குழாயைச் சுற்றி வெப்பக்காப்புப் போர்வை சுற்ற இடம் மிஞ்ச வேண்டும். 8 அங்குல வாயில் ஒரு குறுக்கியை மாட்டி 6 அங்குலக் குழாய் இறக்குகிறவர்கள் உண்டு. 50 சதுர அங்குலத்தில் வர வேண்டிய புகையை 28 சதுர அங்குலத்துக்குள் அழுத்துவது அது. கதவைத் திறக்கும்போதெல்லாம் புகை அறைக்குள் வரும் வாய்ப்பு அதிகம், அடுப்பு செய்தவரின் சம்மதமும் அதற்கு இருக்காது. புதிய இன்சர்ட்டுகளில் பெரும்பாலானவற்றின் வாய் 6 அங்குலம். அந்தக் குழாய் சிறியது, விலை குறைவு, ஏற்கெனவே உள்ள ஓட்டுக் குழாய்க்குள் பெரும்பாலும் நேராக இறங்கிவிடும், சிறிய விட்டத்தில் புகை சூடாகவும் வேகமாகவும் மேலே போகும்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். இன்று பழைய அடுப்புக்காக 8 அங்குலக் குழாய் இறக்குகிறீர்கள். பெட்டி ஒருநாள் கைவிட்டதும் வாங்கப்போகும் அடுப்பு பெரும்பாலும் 6 அங்குலம் கேட்கும். அப்போது அந்தக் குழாயை எடுத்துவிட்டு இன்னொன்று இறக்க நேரலாம். எனக்கு முடிவு உறுதியானது இந்தக் கணக்கில்தான். லைனர்தான் நீண்டகால முதலீடு. அடுப்பு அதன் அடியில் மாட்டும் பெட்டி. குழாயை எந்த அளவுக்குப் போடுகிறோம் என்பதை, இருபது ஆண்டு கழித்து இருக்கப்போகும் அடுப்பை நினைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

குழாய் இல்லாமலே சமாளிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் வகுத்த என்எஃப்பிஏ 211 விதி ஒரு நல்ல அளவுகோல். புகைபோக்கியின் பரப்பு அடுப்பு வாயின் பரப்பைப்போல் 3 மடங்குக்கு மேல் போகக் கூடாது. புகைபோக்கியின் சுவர் வீட்டுக்கு வெளியே குளிரில் நின்றால் 2 மடங்கு. அடுப்பின் வாயைக் குறைந்தது முதல் ஓட்டுக் குழாய் வரையாவது குழாயால் இணைத்திருக்கவும் வேண்டும். 50-க்கு 2 மடங்கு 100. நம் 144, வெளிச்சுவர்ப் புகைபோக்கிக்குத் தேறாது. உங்கள் வீட்டு அளவுகளை எடுத்து இந்தப் பெருக்கலைப் போட்டுப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

அடுப்புக்குள் நடப்பதிலும் புதியது முன்னே நிற்கிறது. அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய பெட்டியில் இரவு முழுக்கத் தணல் நிற்கக் காற்றை அடைத்துவைப்பார்கள். விறகு எரியாமல் புகைந்துகொண்டே கிடக்கும், எரியாத எரிபொருள் முழுவதும் புகைபோக்கிக்குப் போகும். புதியவற்றில் மேலே துளையிட்ட குழாய்கள் வழியாகச் சூடான காற்று வரும். ஏறத்தாழ 600 டிகிரியில் அந்தப் புகையே தீப்பிடித்து எரியும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்குப்படி, அதன் சான்றிதழ் இல்லாத பழைய அடுப்புகள் மணிக்கு 15 முதல் 30 கிராம் புகைத்துகள் விடுகின்றன. 2020 முதல் அங்கே புதிய அடுப்புகளுக்கு உச்சவரம்பு 2 கிராம். பிளந்த விறகை எரித்துச் சோதித்தால் 2.5 கிராம். அதே வெப்பத்துக்கு விறகும் மூன்றில் ஒரு பங்கு வரை குறையும் என்கிறார்கள். எங்கள் வீட்டிலும் விறகுச் செலவு கண்கூடாகக் குறைந்தது. ஆனால் புது லைனரும் அதே சமயத்தில் போட்டதால், எந்தப் பெருமை எதற்கு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

புதியதின் பராமரிப்பு சும்மா வருவதல்ல. மேலே இருக்கும், வெப்பம் தாங்கும் வெர்மிகுலைட் கனிமத்தால் ஆன தடுப்புப் பலகை மென்மையானது, விறகுக் கட்டையால் இடித்தால் உடைந்துவிடும். கதவுக் கயிறு இதற்கும் தேயும். விறகின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தே ஆக வேண்டும். பழையது ஈர விறகையும் எப்படியோ தின்றுவிடும், இது தின்னாது. ஓக் போன்ற கடின மரத்தைப் பிளந்து அடுக்கி இரண்டு கோடையாவது காயவிட இடமில்லை என்றால், புதிய அடுப்பு உங்களைத் தினமும் சோதிக்கும். அடுப்பின் வாயிலிருந்து உச்சி வரை புகைபோக்கி 15 அடிக்குக் குறைவு என்றால் இழுவை போதாமல் போகலாம். எரியறையும் பழையதைவிடச் சிறிதாக இருக்கலாம். 20 அங்குலக் கட்டையாக வெட்டிப் பழகியவர்கள் வாங்கும் முன் உள்நீளத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேட்டலிஸ்ட், அதாவது புகையைக் குறைந்த வெப்பத்திலேயே எரியவைக்கும் தேன்கூடு போன்ற துண்டு, வைத்த அடுப்புகளை நான் நீண்டகாலம் எரித்ததில்லை. புகை 260 முதல் 315 டிகிரி அளவிலேயே எரிந்துவிடுவதால் இரவெல்லாம் மெதுவாக எரிப்பதற்கு அவை ஏற்றவை. ஆனால் அந்தத் தேன்கூட்டுத் துண்டு காலப்போக்கில் செயலிழக்கும், மாற்ற வேண்டியிருக்கும். அதன் தினசரிப் பழக்கம் எப்படி என்பதை வைத்திருப்பவர்தான் சொல்ல வேண்டும்.

செப்பனிடுவதே சரி என்று நான் தயங்காமல் சொல்லும் நிலை ஒன்று உண்டு. அடுப்பின் முதுகிலோ பக்கத்திலோ ஒரு சான்றிதழ்த் தகடு பதித்திருக்கும். அமெரிக்காவில் நாடு முழுவதற்குமான முதல் அடுப்புப் புகை விதி 1988-இல் வந்தது. அதற்குப் பின் வந்த சான்றிதழ் பெற்ற அடுப்பு, 6 அங்குல வாய், உள்ளே நான் சொன்ன துளையிட்ட காற்றுக் குழாய்கள், பெட்டியில் விரிசல் இல்லை, தடுப்புப் பலகையும் கண்ணாடியும் இன்னும் கிடைக்கின்றன என்றால் புதியது வாங்க எந்த அவசரமும் இல்லை. லைனரைப் போட்டு, கயிறும் செங்கலும் மாற்றி நிம்மதியாக எரியுங்கள். நாளை அடுப்பு போனாலும் குழாய் வீணாகாது. கண்ணாடி மாற்றும்போது மட்டும் கெட்டிப்படுத்திய சாதாரணக் கண்ணாடியை ஏற்காதீர்கள். இதற்குச் செராமிக் கண்ணாடிதான்.

சான்றிதழ் இல்லாத பழைய பெட்டியைச் செப்பனிட்டு விற்கலாம் என்று நினைப்பவர்கள் உள்ளூர் விதியை முதலில் பாருங்கள். அமெரிக்காவின் ஓரிகனில் வீட்டை விற்கும்போதே அப்படிப்பட்ட அடுப்பை அகற்றியாக வேண்டும். விதி இல்லாத இடத்திலும் அதை இன்னொரு வீட்டின் லைனரில்லாத குழிக்குள் தள்ள எனக்கு மனம் வரவில்லை. எங்களுடையதை நான்கு பேர் சேர்ந்து தூக்கிப் பழைய இரும்புக்குப் போட்டோம். ப்ளோயர் மோட்டாரை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டோம், அது இன்னும் நன்றாக ஓடுகிறது.