20 ரூபா லாக் புக்: ஒரு பிசிக்ஸ் மிஸ்ஸோட ரிவ்யூ

போன மாசம் பாரிஸ் கார்னர் போய் லாக் புக் 40 வாங்கிட்டு வந்தேன். ஆமாங்க, அதே லாக் புக்தான். கால்குலேட்டர் இல்லாம கணக்கு போட லாக் (மடக்கை), ஆன்டிலாக், சைன், காஸ், டேன் டேபிள் எல்லாம் போட்டு மெல்லிசா பின் அடிச்சு வருமே, அது. ஆண்டர்சன் தெரு பக்கம் ஒரு சின்ன கடை, ஒண்ணு 20 ரூபான்னாரு, 40 எடுத்ததால 18னு போட்டுக் கொடுத்தாரு. மேல் தட்டுல இருந்து தூசி தட்டி எடுக்கும்போதே "இதெல்லாம் இன்னும் யாரும்மா வாங்குறாங்க"ன்னு கேட்டாரு. விக்கிறவரே இப்படிக் கேட்டா நான் என்ன சொல்ல. அந்தக் கட்டைத் தூக்கிட்டு ஹைகோர்ட் மெட்ரோ வரைக்கும் வெயில்ல நடந்தது தனிக்கதை.

ஏன் வாங்கினேன்னு சொன்னாதான் இந்த ரிவ்யூ புரியும். நான் எடுக்கறது பிளஸ் டூ, சிபிஎஸ்இ. பிரிசம் எக்ஸ்பெரிமென்ட் முடிச்சு ரெக்கார்டு திருத்திட்டு இருந்தேன். ஒரு பையன், நல்லா படிக்கிற பையன், கிராஃபெல்லாம் அழகா போட்டிருந்தான், பிரிசத்தோட கோணம் ஏ 60 டிகிரி, மினிமம் டீவியேஷன், அதாவது வெளிச்சம் குறைஞ்சபட்சம் திரும்பற கோணம், 38 டிகிரி. இனிமே என்ன, ரெண்டையும் கூட்டி பாதியாக்குனா 49, அதோட சைனை ஏல பாதி 30ஓட சைனால வகுத்தா ரிஃப்ராக்டிவ் இண்டெக்ஸ், அதாவது வெற்றிடத்துல வெளிச்சம் ஓடற வேகம் கண்ணாடிக்குள்ள ஓடறதைப் போல எத்தனை மடங்குங்கற நம்பர் வந்துடும், அவ்ளோதான் வேலை. நோட்ல 0.9653னு எழுதி அடியில ரெண்டு கோடு வேற போட்டிருக்கான்.

கூப்பிட்டுக் கேட்டேன், டேய், கண்ணாடியோட ரிஃப்ராக்டிவ் இண்டெக்ஸ் ஒண்ணுக்குக் கீழ போச்சுன்னா வெற்றிடத்தைவிட கண்ணாடிக்குள்ள வெளிச்சம் வேகமா ஓடுதுன்னு ஆயிடுமேடா, எப்படிடா எழுதின? "மிஸ், போன்ல அதான் மிஸ் வருது."

போன் பொய் சொல்லல. அது கோணத்தை டிகிரியா எடுக்காம ரேடியன்ங்கற வேற அளவா எடுத்துக்கற ரேடியன் மோடுல இருந்திருக்கு, அவ்ளோதான். கொடுமை என்னன்னா 49 ரேடியனுக்கும் சைன் மைனஸ், 30 ரேடியனுக்கும் சைன் மைனஸ், வகுத்தா ரெண்டு மைனஸும் அடிபட்டுப்போய் ஒழுங்குப் பிள்ளை மாதிரி ஒரு பிளஸ் நம்பர் வந்து நிக்குது. ஒண்ணாவது மைனஸா வந்திருந்தா பையன் முழிச்சிருப்பான். சரியான விடை 1.509. அன்னிக்கு அதே 0.9653 இன்னும் நாலு ரெக்கார்டுல இருந்துச்சு, எங்கிருந்து எங்க இறங்குச்சுன்னு நான் வேற சொல்லணுமா. லேப்ல போன் கிடையாதுதான், ஆனா ரெக்கார்டு வீட்டுல உக்காந்து எழுதறதுதானே.

சரி புக்குக்கு வர்றேன். முதல் நல்ல விஷயம், இதுல ரேடியன் மோடே கிடையாது, நேச்சுரல் சைன் பக்கத்துல 49க்கு நேரா பார்த்தா .7547, முடிஞ்சுது. அதைவிடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு, நாங்க படிச்சப்போ இதைத்தான் கஷ்டம்னு திட்டுவோம். 3.142க்கு லாக் பார்க்கணும்னா 31னு போட்ட வரிசை, மேல 4னு போட்ட காலம், 4969, கடைசி இலக்கத்துக்குன்னு ஓரத்துல இருக்கற மீன் டிஃபரன்ஸ்ல 2க்கு நேரா 3, கூட்டினா 4972. 31.42க்கும் அதே 4972தான், 3142க்கும் அதேதான். புள்ளி எங்க வைக்கணும்னு டேபிள் வாயே தொறக்காது, அதை நீதான் போட்டுக்கணும். அதனால கணக்கு போடறதுக்கு முன்னாடியே விடை பத்துக்கிட்ட வருமா ஆயிரத்துக்கிட்ட வருமான்னு மனசுல ஒரு குத்துமதிப்பு வந்தே ஆகணும், வேற வழியே இல்ல. போன் இந்த ஒரு வேலையையும் நம்மகிட்ட இருந்து வாங்கிக்கிச்சு, அந்தக் குத்துமதிப்பு இல்லாததாலதான் 0.9653 கண்ணை உறுத்தவே இல்ல. போர்டு எக்ஸாம்லயும் கால்குலேட்டர் கிடையாது, நீட், ஜேஇஇ மெயின்லயும் கிடையாது, இது பசங்களுக்கும் தெரியும், அப்பவும் டிசம்பர் வரைக்கும் கை போனைத்தான் தேடுது. என்சிஇஆர்டி கெமிஸ்ட்ரி புக் கடைசியிலயே லாக் டேபிள் இருக்கு, அந்தப் பக்கம் எவனாவது திருப்பியிருந்தா நான் பாரிஸ் போயிருக்கவே வேணாம்.

முதல் ரெண்டு நாள் கிளாஸ்ல ஒரே புலம்பல். "மிஸ் இது எந்தக் காலத்து டெக்னாலஜி"ன்னான் ஒருத்தன், 1614ல நேப்பியர் வெளியிட்டாரு, அப்புறம் பிரிக்ஸ்னு ஒருத்தர் 10 அடிமானத்துக்கு மாத்திக் கொடுத்தாருன்னேன், "அப்ப கரண்டே இல்லையே மிஸ், யாரு இத்தனை நம்பரும் போட்டது"ன்னு கேட்டான் பாருங்க, கையாலதான்டான்னதும் கொஞ்ச நேரம் அமைதி. ஒண்ணுக்குக் கீழ இருக்கற நம்பருக்கு மேல கோடு இழுத்து, பார் போட்டு எழுதற லாக் வந்ததும் பாதிப் பேர் கழண்டுட்டாங்க, அதை நானும் மூணு தடவை எடுக்க வேண்டியதாப் போச்சு. இன்னிக்கும் ஒரு அஞ்சாறு பேருக்கு ஏறல, அதையும் சொல்லிடறேன்.

குறைன்னா பிரிண்ட்தான். எழுத்து எறும்பு சைஸ், 3ம் 8ம் பார்க்க ஒண்ணு, எனக்கே கண்ணாடியைக் கழட்டி மாட்டி கழட்டி மாட்டி பார்க்க வேண்டியிருக்கு. பேப்பர் அந்தப் பக்க எழுத்து தெரியற அளவுக்கு மெல்லிசு. பின் ரெண்டே ரெண்டு, பத்தாவது நாள் நடுப்பக்கம் கழண்டு ஃபேனுக்குப் பறக்குது.

தப்பும் இருக்கு. 47வது வரிசையோட முதல் நம்பர் 6721னு இருக்கணும், இதுல 6271. கண்டுபிடிச்சது நான் இல்ல, கடைசி பெஞ்ச் பொண்ணு, வாயே தொறக்காது. "மிஸ், 46க்கு 6628, 48க்கு 6812, நடுவுல மட்டும் எப்படி மிஸ் இறங்கும்?" நான் அப்படியே நின்னுட்டேன், ஏன்னா நான் அந்தப் பக்கத்தை அந்த வாரம் முழுக்க பார்த்துட்டுத்தான் இருந்தேன். உடனே ஒருத்தன் "மிஸ் உங்க போன்ல போட்டுப் பாருங்க"ன்னான். போட்டேன், 0.67209. ஆமா, லாக் புக் சரியான்னு போன்லதான் பார்த்தோம், சிரிச்சுக்கோங்க. எல்லா 40 புக்கிலயும் பேனாவால திருத்தினோம். அந்தப் பீரியட் நான் எடுக்க வந்த பாடம் போச்சு, பரவாயில்ல.

இதனால நான் போனுக்கு எதிரின்னு நினைச்சுக்காதீங்க. எங்க அம்மா நம்பரே எனக்கு மனப்பாடமா தெரியாது, காய்கறிக்காரர்கிட்ட மூணு ஐட்டம் கூட்டவே போனை எடுக்கறேன். ரெக்கார்டுல இன்ஃபரன்ஸ் பகுதியை ஏஐகிட்ட கேட்டு எழுதிட்டு வர்றாங்களே, அதுக்கு இந்த புக் ஒண்ணும் பண்ணாது, அது வேற தலைவலி. கெமிஸ்ட்ரி மிஸ் மட்டும் பிஹெச் கணக்குக்குன்னு பத்து புக் வாங்கிட்டுப் போனாங்க, இன்னும் திரும்பி வரல.

அஞ்சுக்கு மூணரை ஸ்டார். பிரிண்ட் ஒழுங்கா இருந்தா நாலரை கொடுத்திருப்பேன். வாங்கறவங்க கடையிலயே பிரிச்சு 47வது வரிசையைப் பார்த்துட்டு வாங்குங்க, நடுப்பக்கத்துக்கு செல்லோடேப் நீங்களே போட்டுக்கணும்.