எலிக்கும் தகர டப்பாவுக்கும் ஏர் ரைஃபிள்: ஸ்பிரிங்கா, கேஸ் ராமா, பிசிபியா?

கோழிக்கூட்டைக் குடையும் பெருச்சாளிக்கும் ஞாயிற்றுக்கிழமை தகர டப்பாவுக்கும் சேர்த்து ஒரே ஒரு ஏர் ரைஃபிள் வாங்குவதென்றால், என் ஓட்டு, சக்தி அதிகமில்லாத பிரேக் பேரல் ஸ்பிரிங் ரைஃபிளுக்கு: பேரலை, அதாவது குழலை, மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் அமுங்கும், சுட்டதும் அது பிஸ்டனைத் தள்ள, அமுங்கிய காற்று குண்டைத் துரத்தும். நான் வைத்திருப்பதும் அதுதான். ஆகவே கீழே வருவது அந்தப் பக்கம் சாய்ந்த தராசு, தெரிந்தே படியுங்கள். ஸ்பிரிங்குக்குப் பதில் வாயு உருளை வைத்த கேஸ் ராம் இரண்டாவது இடம். சுடும் சுகத்தில், முன்கூட்டியே காற்றை அடைத்து வைத்துச் சுடும் பிசிபியை எதுவும் நெருங்காது, ஆனால் அதற்குக் காற்று நிரப்பிக் காப்பாற்றுவது தனி உத்தியோகம். கார்பன் டை ஆக்சைடு குப்பி போடும் ரகத்தை இந்த வேலைக்கு நான் கணக்கிலேயே எடுக்கவில்லை: 12 கிராம் குப்பி ஒன்றுக்குச் சில பத்துக் குண்டுகள்தான் வரும், விடாமல் சுட்டால் குப்பி குளிர்ந்து வேகம் இறங்கும், குப்பிச் செலவு ஓயவே ஓயாது.

சட்டத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 2016 ஆயுத விதிகளின்படி 0.177 துளை, அதாவது 4.5 மி.மீ., சக்தி 20 ஜூலுக்கு மிகாமல் இருந்தால் உரிமம் வேண்டாம். 0.22-ஐ உரிமமில்லாமல் வாங்க நினைக்காதீர்கள். எதைச் சுடலாம் என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காகம், பழந்தின்னி வௌவால், எலி எல்லாம் தொல்லை உயிர்கள் என்று தனி அட்டவணையில் இருந்த காலம் போய்விட்டது. 2022 திருத்தம் அந்த அட்டவணையையே எடுத்துவிட்டது. கொய்யாவைக் கொத்தும் கிளி, நெல்லை மேயும் மயில், தென்னையில் குரங்கு, ஓட்டில் அணில், எதன் மேலும் குழலைத் திருப்பாதீர்கள். நடைமுறையில் மிஞ்சுவது வீட்டு எலியும் பெருச்சாளியும்தான். இந்தக் கட்டுரையும் அந்த இரண்டுக்கு மட்டும்.

எவ்வளவு சக்தி போதும்

சட்டம் 20 ஜூல் வரை விடுகிறது என்பதற்காக 20 ஜூலையே தேடிப் போக வேண்டியதில்லை. 8 கிரெய்ன் குண்டின் எடை சுமார் 0.52 கிராம். அது விநாடிக்கு 220 மீட்டரில் கிளம்பினால் பன்னிரண்டரை ஜூல். 275 மீட்டரில் கிளம்பினால் இருபதைத் தொட்டுவிடும். பெருச்சாளியை 15, 20 மீட்டரில் தலையில் அடிக்கப் பன்னிரண்டு தாராளம். உடம்பில் பட்டால் இருபதும் போதாது: வளைக்குள் ஓடி மூன்று நாள் கழித்து நாறும், அதுவரை துடிக்கும். எலியின் மூளை இருக்கும் இடம் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சின்னது. உங்கள் கையில், உங்கள் தூரத்தில், பத்துக் குண்டும் அந்த நாணயத்துக்குள் விழுகிறதா என்பதுதான் கேள்வி. விழாத தூரத்தில் எலியைச் சுடக்கூடாது.

பெட்டியில் 1250 அடி வேகம் என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். ஈயமில்லாத, இறகு மாதிரி எடையுள்ள குண்டை வைத்து எடுத்த எண் அது. விநாடிக்கு 1250 அடி என்றால் 381 மீட்டர். ஒலியின் வேகம் நம் வெயிலில் ஏறக்குறைய 350. அதைத் தாண்டிக் கிளம்பும் குண்டு சடாரென்று வெடிச்சத்தம் எழுப்பும், ஒலிவேகத்துக்குக் கீழே இறங்கும்போது நிலை தடுமாறும். அக்கம்பக்கத்து வீட்டாரும் எட்டிப் பார்ப்பார்கள், குறியும் சிதறும். அவ்வளவு சக்தியுள்ள ஸ்பிரிங் ரைஃபிளைக் காக் செய்ய, அதாவது பேரலை மடக்கி ஸ்பிரிங்கை அமுக்கி வைக்க, 18, 20 கிலோ இழுக்க வேண்டும். முப்பது குண்டு சுட்டதும் கை நடுங்கும், அதற்கு மேல் போவதெல்லாம் வீண். 12 முதல் 14 கிலோ இழுப்புள்ள ரைஃபிளில்தான் மாலை முழுக்கச் சுட முடியும்.

கேஸ் ராம்

எஃகு ஸ்பிரிங் இருக்கும் இடத்தில் அழுத்திய வாயு அடைத்த உருளை. கார் டிக்கியைத் தூக்கி நிறுத்தும் கம்பி போலத்தான். பிரிட்டனின் தியோபென் நிறுவனம் 1980-களில் இதைப் பிரபலமாக்கியது. சுட்டதும் 'டொய்ங்' என்ற அதிர்வு கிடையாது, பிஸ்டன் சட்டென்று பாயும். காக் செய்த நிலையில் அரைமணி நேரம் எலிக்காகக் காத்திருந்தாலும் எதுவும் தளராது. எஃகு ஸ்பிரிங்கை அப்படி வைத்திருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகச் சோர்ந்துபோகும். வளைவாயில் உட்கார்ந்து காத்திருந்து சுடுபவருக்கு இது பெரிய லாபம், மறுக்கவில்லை.

குறைகள்: முதல் அங்குலத்திலிருந்தே முழு இழுப்பு, உதைப்பு கூர்மை, வெயிலேறினால் உள்ளழுத்தம் கூடுவதால் காலைக்கும் மத்தியானத்துக்கும் குறியில் சின்ன வித்தியாசம். எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று: உருளை கசிந்தால் அதைத் திறந்து சரிசெய்ய முடியாது, முழு உருளையையும் மாற்ற வேண்டும். அந்த மாடலுக்கான உருளை கிடைக்காவிட்டால் ரைஃபிள் சுவரலங்காரம்தான். நல்ல உருளை பல வருஷம் உழைக்கும் என்பதும் உண்மை. நம் கடற்கரைக் காற்றில் பத்து வருஷம் தாண்டிய கேஸ் ராம்களை அதிகம் பார்த்ததில்லை, அதனால் இதில் அடித்துப் பேச மாட்டேன்.

பிசிபி

குழலுக்கடியில் இருக்கும் சிலிண்டரில் 200 பார் (அழுத்த அளவு) வரை காற்றை நிரப்பி, ஒவ்வொரு சுடலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது. உதைப்பே இல்லை எனலாம். எப்படிப் பிடித்தாலும் அதே இடத்தில் குண்டு விழும். புதிதாகச் சுடுபவரும் முதல் நாளே 25 மீட்டரில் நாணயத்தை அடிப்பார்.

விலை அத்தோடு நிற்காது. கைப்பம்பு வேண்டும். 150 மில்லி சிலிண்டரை 100 பாரிலிருந்து 200-க்கு ஏற்ற எண்பது, நூறு தடவை அமுக்க வேண்டும், கடைசி இருபதுக்கு உடம்பு எடை முழுவதையும் போட வேண்டும். ஐம்பதுக்கு ஒருமுறை நிறுத்திப் பம்பை ஆற விடாவிட்டால் உள்ளே சீல், அதாவது காற்று கசியாமல் அடைக்கும் வளையம், உருகும். நம் ஊர்க் காற்றின் ஈரம் அடுத்த தொல்லை. காற்றை அமுக்கும்போது ஈரம் தண்ணீராகிச் சிலிண்டருக்குள் தங்கி, உள்ளிருந்தே துருப்பிடிக்க வைக்கும். பம்பு வாயில் ஈரம் உறிஞ்சும் மணிகள் போட்ட வடிகட்டி கட்டாயம். மணி நிறம் மாறினால் மாற்ற வேண்டும். ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையம் ஒன்று கீறினால் இரவோடிரவாகக் காற்று போய்விடும், காலையில் அளவுமானி பூஜ்யத்தில் நிற்கும். எந்த ஓ-ரிங் என்று கண்டுபிடிப்பது அரைநாள் வேலை. இரண்டு எச்சரிக்கைகளை மறக்கவே கூடாது: ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து நிரப்பவே கூடாது, உயர் அழுத்தப் பாகங்களில் சாதாரண எண்ணெய், கிரீஸ் எதுவும் படக்கூடாது, சிலிகான் கிரீஸ் மட்டும். இரண்டுமே வெடிப்பில் முடியக்கூடியவை.

பராமரிப்பில்தான் முடிவு

ஸ்பிரிங் ரைஃபிளில் கெட்டுப்போகக்கூடியது நான்கே இடம். நான்கையும் வீட்டிலோ பக்கத்து ஊர்ப் பட்டறையிலோ பார்த்துக்கொள்ளலாம். டயானா 35-ஐப் பார்த்துச் செய்த உள்ளூர் ரைஃபிள்கள் நம் நாட்டில் நெடுநாளாக ஓடுவதால் ஸ்பிரிங், சீல், போல்ட் எல்லாம் புழக்கத்தில் இருக்கின்றன. மற்ற இரண்டையும் ஸ்பிரிங் தோற்கடிப்பது இங்கேதான்.

முதலாவது, பேரல் மடியும் வாயில் உள்ள சீல். வேகம் குறைந்த மாதிரி தெரிந்தால் மெல்லிய டிஷ்யூ காகிதத்தை விரலகலத்துக்குக் கிழித்து, பேரல் மூடும் இணைப்பின் மேல் படுக்க வைத்து, பாதுகாப்பான திசையில் குண்டு போட்டுச் சுடுங்கள். காகிதம் அசையாமல் கிடந்தால் சீல் சரி. துள்ளிப் பறந்தால் கசிகிறது. பழைய சீலைக் குண்டூசியால் நெம்பி எடுத்து, பள்ளத்தில் மெல்லிய பிளாஸ்டிக் வளையம் ஒன்றை வெட்டிப் போட்டு அதே சீலை மறுபடி உட்கார வைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். புது சீல் என்றாலும் பெரிய காசில்லை.

இரண்டாவது, திருகாணிகள். முன்கட்டையின் இரு பக்கமும் உள்ள திருகாணிகள் அதிர்விலேயே தளரும். நேற்று வரை நாணயத்தில் விழுந்தது இன்று உள்ளங்கையகலம் சிதறினால், ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) திருகத் தொடங்காமல் முதலில் இவற்றைப் பாருங்கள். இருநூறு குண்டுக்கு ஒருமுறை இறுக்குவது போதும், திருகாணி தளராமல் பிடிக்கும் நீலநிறத் திரெட் லாக்கர் பசை ஒரு சொட்டு போட்டால் இன்னும் நிம்மதி.

மூன்றாவது, பிஸ்டன் சீல். இதைக் கொல்வது பெரும்பாலும் உரிமையாளர்தான். குண்டில்லாமல் சுட்டால் பிஸ்டன் முன்சுவரில் மோதும், காற்று மெத்தை இருக்காது. அதைவிட மோசம் எண்ணெய். தேங்காய் எண்ணெய், தையல் மிஷின் எண்ணெய், என்ஜின் ஆயில் என்று வீட்டில் இருப்பதைக் காற்றுத் துளையில் ஊற்றினால், அழுத்தச் சூட்டில் அது டீசல் என்ஜின் போலப் பற்றி, புகையும் வெடிச்சத்தமும் வரும். சக்தி கூடிவிட்டது என்று சந்தோஷப்படுபவர்கள் உண்டு. உண்மையில் சீல் கருகிக்கொண்டிருக்கிறது. செயற்கை சீலுக்கு எண்ணெயே வேண்டாம். பழைய தோல் சீல் மட்டும் காய்ந்தால் சுருங்கும். அதற்குச் சில துளி சிலிகான் எண்ணெய் விட்டு, ஓர் இரவு நிமிர்த்தி வைக்க வேண்டும்.

நான்காவது, ஸ்பிரிங். ஆயிரக்கணக்கான குண்டுகளுக்குப் பிறகு காக் செய்வது லேசாகும், சத்தம் நீளும், குண்டு கீழே விழத் தொடங்கும். புது ஸ்பிரிங்கின் விலை அற்பம், ஆபத்து மாற்றுவதில் இருக்கிறது. உள்ளே அது காக் செய்யாத நிலையிலும் சில அங்குலம் அழுந்தித்தான் இருக்கும். அமுக்கி வைக்கும் கிளாம்ப் இல்லாமல் பின்மூடியைக் கழற்றினால் முகத்தில் பாயும். தச்சுப் பட்டறையின் நீளக் கிளாம்ப்பும் ஒரு மரத்துண்டும் போதும். ஸ்பிரிங்கின் மேல் கெட்டியான கிரீஸ் மெல்லிசாக, பிஸ்டனின் பின்விளிம்பில் மாலிப்டினம் கிரீஸ் ஒரு தீற்று. முன்பக்கம் ஒரு துளிகூடப் போகக்கூடாது.

துரு எல்லா ரகத்துக்கும் பொது. சுட்டு முடித்ததும் எண்ணெய்த் துணியால் வியர்வை பட்ட இடங்களைத் துடையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஸ்பாஞ்ச் வைத்த உறைக்குள் போட்டு மூட்டை கட்டாதீர்கள். ஸ்பாஞ்ச் ஈரத்தைக் குடித்து அப்படியே இரும்புக்குக் கொடுக்கும்.

ஸ்பிரிங்கின் குணக்கேடு

பிடிக்கத் தெரியாவிட்டால் இது சுடாது. பிஸ்டன் பாயும்போது ரைஃபிள் பின்னால் உதைத்து, உடனே முன்னால் இழுக்கும், அப்போது குண்டு இன்னும் குழலுக்குள்தான் இருக்கும். இறுக்கிப் பிடித்தால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பக்கம் போகும். முன்கட்டை திறந்த உள்ளங்கையில் சும்மா கிடக்கட்டும், தோளில் பட்டும் படாமல் இருக்கட்டும். மதில் மேலோ கட்டில் சட்டத்திலோ கட்டையை நேரடியாக வைத்தால் குண்டு மேலே ஏறும். நடுவில் கையைக் கொடுங்கள். இது படிய ஓரிரு டப்பா குண்டு ஆகும்.

அந்த இரட்டை உதைப்பு சாதாரண ஸ்கோப்பின் உள் கண்ணாடிகளைக் கழற்றிவிடும். ஏர்கன்னுக்கென்று செய்ததையே வாங்குங்கள், தூரம் சரிசெய்யும் முன்வளையத்தோடு. இல்லாவிட்டால் 15 மீட்டரில் எலி மங்கலாகத் தெரியும். 20 மீட்டருக்குக் குறி வைத்த ரைஃபிள் 10 மீட்டரில் ஒரு சென்டிமீட்டரும், 5 மீட்டரில் இரண்டுக்கும் மேலும் கீழே அடிக்கும், ஏனென்றால் ஸ்கோப் குழலுக்கு நாலு சென்டிமீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. கோழிக்கூட்டு வாசலில் கைக்கெட்டும் எலி தப்புவதற்கு இதுதான் காரணம். பழகும்போது 5, 10, 15 மீட்டரில் தனித்தனியாகச் சுட்டு, எங்கே விழுகிறதென்று அட்டையில் குறித்து ரைஃபிள் கட்டையில் ஒட்டிவிடுங்கள்.

குண்டு போடும்போது ஒரு கை எப்போதும் பேரலைப் பிடித்திருக்கட்டும். பிடி நழுவி பேரல் தானாக மூடிக்கொண்டால் விரல் துண்டாகும். பின்தடுப்புக்குக் கருங்கல், சிமெண்ட் சுவர், தென்னை மரம் எதுவும் ஆகாது. ஈயம் திரும்பித் தெறிக்கும். மரப்பெட்டிக்குள் கிழிந்த துணியும் மணலும் அடைத்து, பின்னால் இரும்புத் தகடு கொடுத்தால் போதும். கண்ணாடி அணியுங்கள், சுட்டபின் கை கழுவாமல் சாப்பாட்டைத் தொடாதீர்கள். எலிக்கு எந்த நேரமும் மண்மேடு பின்னால் இருக்கும் கோணத்தில்தான் சுட வேண்டும். தவறிய குண்டு இருநூறு மீட்டருக்கு மேலும் போகும்.

பிசிபி யாருக்கு என்றால்: வாரத்தில் நாலு நாள் சுடுபவர், தோளோ முட்டியோ காக் செய்ய ஒத்துழைக்காதவர், காற்று நிரப்பித்தரும் இடம் பக்கத்தில் இருப்பவர். அவர்களுக்கு மேலே எழுதியதெல்லாம் பொருந்தாது, யோசிக்காமல் வாங்கலாம். கேஸ் ராம் எடுப்பவர் மாற்று உருளை கடையில் இருக்கிறதா என்று கேட்டு, முடிந்தால் அதையும் சேர்த்தே வாங்கிவிடட்டும்.

பழைய ஸ்பிரிங் ரைஃபிள் கிடைத்தால் தயங்க வேண்டாம், விற்கும்போதும் இதுதான் சீக்கிரம் கைமாறும். வாங்குமுன் பேரலின் நுனியைப் பிடித்து இடவலமாக ஆட்டிப் பாருங்கள். ஆடினால் மடிப்பு போல்ட் தேய்ந்திருக்கிறது, இறுக்கியும் நிற்காவிட்டால் விட்டுவிடுங்கள். குழல்வாயில் நகத்தை ஓட்டி நெருடல் இருக்கிறதா பாருங்கள். பின்மூடித் திருகாணிகளின் தலை சிதைந்திருந்தால் யாரோ உள்ளே கைவைத்திருக்கிறார்கள். புது ஸ்பிரிங் விலையைக் கழித்துப் பேசுங்கள்.