பிரீமியர் லீக் வி.ஏ.ஆர்: பட்டப் போட்டி இறுகும்போது எதை நம்பலாம்?

2018-19-இல் மான்செஸ்டர் சிட்டி 98 புள்ளி, லிவர்பூல் 97. 2021-22-இல் அதே இரண்டு அணிகள், 93-க்கு 92. 2023-24-இல் சிட்டி 91, ஆர்சனல் 89. இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் பட்டம் கைமாறுவது இவ்வளவு சின்ன இடைவெளியில்தான். அப்படிப்பட்ட பருவத்தில் கோல் விழுந்தும் கத்த முடியாமல், நடுவர் காதில் விரல் வைத்து நிற்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது ரசிகனுக்குச் சித்திரவதை. அந்த ரசிகன் பக்கம் நின்று நடுவருக்கு உதவும் இந்தத் தொழில்நுட்பச் சேவையை எடைபோடுவோம். இதில் மூன்று தனித்தனி ஏற்பாடுகள் இருக்கின்றன: கோல் லைன் தொழில்நுட்பம், பாதித் தானியங்கி ஆஃப்சைடு, வி.ஏ.ஆர் (வீடியோ உதவி நடுவர்) அறை. மூன்றையும் சேர்த்து ‘வி.ஏ.ஆர்’ என்றே திட்டுவதால் கோளாறு எங்கே என்பது பிடிபடாமல் போகிறது.

கோல் லைன் தொழில்நுட்பத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். 2013-14 பருவத்திலிருந்து ஹாக்-ஐ நிறுவனத்தின் கருவி ஓடுகிறது. ஒரு கோல்வலைக்கு ஏழு கேமரா, மொத்தம் 14. பந்து முழுசாகக் கோட்டைத் தாண்டினால் ஒரு நொடிக்குள் நடுவரின் கைக்கடிகாரம் அதிர்ந்து சொல்லிவிடும். விவாதம் இல்லை, காத்திருப்பு இல்லை. 2019 ஜனவரி 3, எத்திஹாட் மைதானம்: லிவர்பூலுக்கு எதிராக சிட்டியின் ஜான் ஸ்டோன்ஸ் கோட்டிலிருந்து தட்டிவிட்ட பந்து முழுமையாக உள்ளே போக இன்னும் 11.7 மில்லிமீட்டர் பாக்கி. சிட்டி 2-1 என ஜெயித்தது. அந்தப் பருவம் முழுக்க லிவர்பூல் தோற்ற ஒரே லீக் ஆட்டம் அதுதான், பட்டமும் ஒரு புள்ளியில் போனது. அப்படியும் லிவர்பூல் ரசிகர்கள் அந்தத் தீர்ப்பைத் திருட்டு என்று சொல்வதில்லை. அளவு கண்ணெதிரே இருந்தது, உடனே வந்தது.

இதுவும் ஒருமுறை சறுக்கியது. 2020 ஜூன் 17, ஆஸ்டன் வில்லா-ஷெஃபீல்டு யுனைடெட் ஆட்டத்தில் வில்லா கோல்கீப்பர் நைலாண்டு பந்தோடு கோட்டுக்குள் போய்விட்டார். ஏழு கேமராக்களையும் ஆட்டக்காரர்களும் போஸ்டும் மறைத்துவிட, கடிகாரம் அதிரவில்லை. ஹாக்-ஐ மன்னிப்புக் கேட்டது. 9,000-க்கும் மேற்பட்ட ஆட்டங்களில் அப்படி நடந்தது அதுவே முதல்முறை. வில்லா அந்தப் பருவத்தில் ஒரே புள்ளியில்தான் கீழ்ப் பிரிவுக்கு இறங்காமல் தப்பிப் பிழைத்தது என்பதால், விலை குறைவு என்றும் சொல்லிவிட முடியாது.

அடுத்தது ஆஃப்சைடு, அதாவது பந்து தரப்படும் நொடியில் தாக்குபவர் எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆட்டக்காரரைத் தாண்டி நிற்பது. 2019-20-இல் வி.ஏ.ஆர் வந்தபோது கோடுகளைக் கையால்தான் வைத்தார்கள். பந்து காலைவிட்டுப் பிரியும் ஃபிரேமை ஒருவர் தேர்ந்தெடுப்பார், பிறகு தோளிலோ காலிலோ புள்ளி வைப்பார். ஒளிபரப்புக் கேமரா நொடிக்கு 50 ஃபிரேம் எடுக்கிறது என்று வையுங்கள். நொடிக்கு 9 மீட்டர் வேகத்தில் ஓடும் ஸ்ட்ரைக்கர் ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் இடையில் 18 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். டிஃபெண்டர் எதிர்த்திசையில் ஏறி வந்தால் இடைவெளி இன்னும் கூடும். இந்த லட்சணத்தில் அக்குள் ஆஃப்சைடு, கால் விரல் ஆஃப்சைடு என்று கோல்களை ரத்து செய்தது அநியாயம். இல்லாத துல்லியத்தை இருப்பதாகக் காட்டினார்கள்.

2025 ஏப்ரல் 12 முதல் பாதித் தானியங்கி முறை வந்தது. மைதானத்தைச் சுற்றிப் பொருத்திய ஐபோன் கேமராக்கள், குறைந்தது 28, ஒவ்வொருவர் உடலையும் தொடர்ந்து படம் பிடிக்கின்றன. கோட்டை மென்பொருள் போடுகிறது, அறையில் இருப்பவர் சரிபார்க்கிறார். தாக்கும் அணிக்கு 5 சென்டிமீட்டர் சலுகையும் உண்டு. முன்பைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் 2022 உலகக் கோப்பையில் பந்துக்குள்ளேயே ஒரு உணரி இருந்தது, நொடிக்கு 500 தடவை தகவல் அனுப்பியது. பிரீமியர் லீக் பந்தில் அது இல்லை. பந்து எப்போது உதைபட்டது என்பதைக் கேமராவைக் கொண்டே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு பலவீனம் கூட்டம். கார்னர் உதையில் பெனால்டி பெட்டிக்குள் பத்துப் பதினைந்து பேர் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கிடந்தால் யார் கால் யாருடையது என்று மென்பொருள் குழம்பும். 2025 மார்ச் 1, எஃப்.ஏ. கோப்பையில் போர்ன்மத்-வுல்வ்ஸ் ஆட்டத்தில் கெர்கெஸ் போட்ட கோலைச் சரிபார்க்க எட்டு நிமிடம் ஆனது இதனால்தான். கடைசியில் பழையபடி கையால் கோடு போட்டு ரத்து செய்தார்கள். ஆகவே கார்னர், ஃப்ரீ கிக் போன்ற செட் பீஸ் கோல் என்றால் கொண்டாட்டத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். திறந்த ஆட்டத்தில் ஓடிப்போய் அடித்த கோலுக்குப் பதில் சீக்கிரம் வந்துவிடும்.

இனி மூன்றாவது, மேற்கு லண்டன் ஸ்டாக்லி பார்க்கில் இருக்கும் அறை. பட்டப் போட்டியில் ரசிகனின் ரத்தம் கொதிப்பது பெரும்பாலும் இங்கேதான். வி.ஏ.ஆர் தலையிடக்கூடிய நான்கு இடங்கள் என்று வகுத்தவை: கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாறி அட்டை காட்டுவது. ஆனால் ஆஃப்சைடு மாதிரி அளந்து சொல்லும் விஷயமும், ஹேண்ட்பால், தள்ளுமுள்ளு மாதிரி ஒருவரின் கருத்தைப் பொறுத்த விஷயமும் ஒரே அறைக்குத்தான் போகின்றன. இரண்டாவது வகையில் ‘தெளிவான, கண்கூடான தவறு’ இருந்தால் மட்டுமே மாற்றலாம். எது தெளிவு என்பது வாரத்துக்கு வாரம் ஆளுக்கு ஆள் மாறுகிறது.

2022 பிப்ரவரி 26, குடிசன் பார்க் மைதானம். எவர்டனுக்கு எதிராக ஆட்டம் முடியும் தறுவாயில் சிட்டியின் ரோட்ரி கையில் பந்து பட்டது. மைதானத்தில் பெனால்டி கொடுக்கவில்லை, அறையும் போதுமான ஆதாரம் இல்லை என்று விட்டுவிட்டது. சிட்டி 1-0 என ஜெயித்தது. நடுவர் அமைப்பின் அன்றைய தலைவர் மைக் ரைலி எவர்டனிடம் மன்னிப்புக் கேட்டார். பட்டம் எத்தனை புள்ளியில் போனது என்பது மேலே இருக்கிறது. அந்தப் பெனால்டி கோலாகியிருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் நடுவரைத் திரைக்கு அழைத்து ஒருமுறை பார்க்கச் சொல்லக்கூடவா முடியவில்லை?

2023-இல் நடந்தவற்றுக்கு மன்னிப்பே கிடையாது. பிப்ரவரி 11, முன்னணியில் இருந்த ஆர்சனலுக்கு எதிராக பிரென்ட்ஃபோர்டின் ஐவன் டோனி சமன் செய்த கோல். அதற்கு முந்தைய நகர்வில் இருந்த ஆஃப்சைடுக்குக் கோடு போடவே அறையில் மறந்துவிட்டார்கள். செப்டம்பர் 30, டாட்டன்ஹாம்-லிவர்பூல். லூயிஸ் டியாஸ் அடித்தது சரியான கோல், கொடி தவறாக உயர்ந்தது. அறையில் படத்தைப் பார்த்துச் சரியாகவே கணித்தார்கள். ஆனால் மைதானத்தில் கோல் கொடுத்திருப்பதாக நினைத்துக்கொண்டு ‘சரிபார்த்தாகிவிட்டது’ என்று சொல்லிவிட்டார்கள். ஃப்ரீ கிக் எடுத்து ஆட்டம் மறுபடி தொடங்கியதும் விதிப்படி திரும்பிப் போக வழியில்லை. லிவர்பூல் 2-1 எனத் தோற்றது. கேமராவிலும் கோட்டிலும் பழுதில்லை, ‘மைதானத் தீர்ப்பு என்ன?’ என்ற ஒரு கேள்வியைக் கேட்காததுதான் பழுது. கட்டுப்பாட்டு அறை சொன்னதை விமானி திருப்பிச் சொல்வதுபோல ஒரு வழக்கம் அன்று இருந்திருந்தால் அந்தக் கோல் நின்றிருக்கும்.

நவம்பர் 4, நியூகாசிலில் ஆண்டனி கார்டன் அடித்த கோல் வேறு விதமான பாடம். பந்து வெளியே போனதா, ஜோயலின்டன் கேப்ரியலைத் தள்ளினாரா, கார்டன் ஆஃப்சைடா என்று மூன்று சோதனை. மூன்றிலும் உறுதியான ஆதாரம் இல்லை, அதனால் கோல் நின்றது. ஆர்சனல் 1-0 எனத் தோற்றது, அதன் பயிற்சியாளர் அர்த்தேத்தா கொதித்தார். இரண்டு போஸ்டுகளுக்கு நடுவே 14 கேமரா வைத்த லீக்கிடம் அதே எல்லைக்கோட்டின் மீதிப் பகுதியைக் கோட்டுக்கு நேராகப் பார்க்கும் கேமரா இல்லை. செலவு செய்து தீர்க்கக்கூடிய குறை இது.

வி.ஏ.ஆர் வருவதற்கு முன் 82 சதவீதமாக இருந்த சரியான தீர்ப்புகள் 96 ஆகிவிட்டன என்று லீக் சொல்கிறது. 2024 ஜூனில் இதை ஒழிக்கலாம் என்று வுல்வ்ஸ் கொண்டுவந்த தீர்மானம் 19-1 எனத் தோற்றது. ஒழிக்க வேண்டும் என்று நாங்களும் சொல்லவில்லை. ஆனால் இந்த முறையின் விலை நேரம் மட்டுமல்ல. சந்தேகமான ஆஃப்சைடுக்கு லைன்ஸ்மேன் கொடியைத் தாமதமாகத் தூக்க வேண்டியிருக்கிறது. 2025 மே மாதம் லெஸ்டருக்கு எதிராக அப்படித் தொடர்ந்த ஒரு நகர்வில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டின் டைவோ அவோனியி போஸ்டில் மோதி வயிற்றில் அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று.

டிவியில் பார்ப்பவர்களுக்குச் சில குறிப்புகள். கோல் விழுந்ததும் ரீப்ளேயை விட்டுவிட்டு நடுவர் கையையும் லைன்ஸ்மேன் கொடியையும் பாருங்கள். மைதானத் தீர்ப்பு எதுவோ, கருத்தைப் பொறுத்த விஷயங்களில் அதுவே நிற்க வாய்ப்பு அதிகம். காதில் விரல் என்றால் சோதனை நடக்கிறது, அவ்வளவுதான். காற்றில் செவ்வகம் வரைந்து திரையை நோக்கி ஓடினால் தீர்ப்பு அநேகமாக மாறப்போகிறது, ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு மறுப்பவர்கள் அபூர்வம். ஆஃப்சைடு சோதனை இழுத்துக்கொண்டே போனால் கோட்டில் பிரச்சினை இல்லை, கோல்கீப்பர் பார்வையை யாரோ மறைத்தாரா என்ற கேள்வியில் சிக்கியிருக்கலாம். ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால் கத்திப் பயனில்லை.

2025-26 முதல் நடுவர் திரையில் பார்த்து எடுத்த தீர்ப்பை ஒலிபெருக்கியில் அறிவிக்கிறார். நல்ல தொடக்கம், ஆனால் பாதிதான். சோதனை நடக்கும்போது அறையில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது இன்னும் ரசிகனுக்குக் கேட்பதில்லை. தேர்ந்தெடுத்த சில உரையாடல்களை மட்டும் நடுவர் அமைப்பின் தலைவர் ஹோவர்ட் வெப் பின்னொரு நாள் நிகழ்ச்சியில் போட்டுக் காட்டுகிறார். எல்லா ஆட்டங்களின் ஒலிப்பதிவையும் அன்றிரவே வெளியிட வேண்டும்.

கோல் லைனுக்குப் பத்துக்கு ஒன்பதரை. ஆஃப்சைடுக்கு ஏழு, பந்தில் உணரி வைத்தால் எட்டரை. அறைக்கு நான்கு.