ரீபவுண்ட் ஹாமர்: சிமென்ட் ரோட்டுக்கு வாங்கலாமா?

மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கம் ஊராட்சி சிமென்ட் ரோடு வேலைகளைப் பார்க்கும் சைட் இன்ஜினியர் நான். போன வருடம் ஆன்லைனில் சாதாரண 'N' டைப் ரீபவுண்ட் ஹாமர் ஒன்று வாங்கினேன். கான்கிரீட்டில் வைத்து அழுத்தினால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் சுத்தியல் அடித்துத் துள்ளும்; எவ்வளவு துள்ளியது என்பதை முள் ஒரு எண்ணாகக் காட்டும். எண் கூடினால் கான்கிரீட் வலிமை கூடுதல். டிஜிட்டல் மாடலின் விலையைப் பார்த்ததும் அந்த ஆசை போய்விட்டது.

ஒரே தட்டில் எம்30 (சதுர மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன் தாங்கும் கான்கிரீட்) வந்ததா வரவில்லையா என்று சொல்லிவிடும் என விற்பவர் அளந்துவிடுவதை நம்ப வேண்டாம். இதில் வரும் வலிமைக் கணக்கு 25 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்று 1992-இல் வந்த இந்தியத் தரநிலை ஐஎஸ் 13311 இரண்டாம் பகுதியே சொன்னது (2020-இல் அதன் இடத்துக்கு ஐஎஸ் 516 வந்துவிட்டது). சாலைக்கு அது கேட்டது 30 நியூட்டன் மீட்டர் வேகத்தில் அடிக்கும் ஆற்றலுள்ள பெரிய சுத்தியல். நம் கையில் இருப்பது 2.25 தான். ஆக, பில் போட கியூப் (அதே கலவையில் வார்த்த கான்கிரீட் கட்டி) சோதனைதான். 150 மில்லிமீட்டர் கியூப் 28 நாள் தண்ணீரில் கிடந்து மெஷினில் உடைய வேண்டும்.

அப்புறம் எதற்கு இது? ஒரே ரோட்டில் எந்த இடம் சொத்தை என்று பிடிக்க. ஒரு வேலையில் நடு ரோட்டில் 34, 36 என்று காட்டிய முள், வாய்க்கால் ஓரத்தில் 24-க்கு இறங்கியது. கலவையை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டர் அந்த ஓரம் வரை போகவே இல்லை. போதாததற்கு, கலவை கெட்டியாக இருக்கிறதென்று மேஸ்திரி அங்கே ஒரு குடம் தண்ணீரையும் ஊற்றியிருந்தார். அந்த இடத்தில் துளையிட்டு கோர் (உருளைத் துண்டு) எடுத்தோம்: ஜல்லிக்கு நடுவே விரல் நுழைகிற பொந்துகள்.

அடிக்கும் முன் பெட்டியில் வரும் கார்பரண்டம் கல்லால், வழுக்காமல் இருக்க ரோட்டில் போட்ட துடைப்பக் கோடுகளைத் தேய்த்துச் சமமாக்க வேண்டும். இதற்குத்தான் நேரம் பிடிக்கும், முட்டியும் நோகும். "என்ன தம்பி, ரோடு எத்தனை மார்க்கு?" என்று திண்ணைப் பெரியவர்கள் கேட்பார்கள், பதில் சொல்லியே ஆக வேண்டும்.

மார்கழிப் பனியில் நனைந்த தரையில் அடித்தால் எண் குறையும், வெயில் ஏறட்டும். பழைய ரோட்டில் மேல்தோல் இறுகிப்போய் எண் கூடுதலாகக் காட்டும். சுத்தியலின் உடம்பில், எண்ணை வலிமையாக மாற்றிப் பார்க்க, அடிக்கும் திசைக்கு ஒன்றாக மூன்று வளைகோடுகள் இருக்கும். ரோட்டில் கீழ்நோக்கி அடிக்கிறோம், அதற்குரிய கோட்டைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு குறை. சுத்தியல் சரியாக இருக்கிறதா என்று சரிபார்க்கும் இரும்பு ஆன்வில் (அடிகல்) பெட்டியில் கிடையாது. அதில் அடித்தால் 80-ஐ ஒட்டி வர வேண்டும். நான் பக்கத்து கல்லூரி லேபில் கேட்டுப் பார்த்துக்கொள்கிறேன்; அந்த வசதி இல்லாதவர்கள் ஆன்வில் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.