அம்புக்குறி எரிந்ததும் காசைக் கொடுத்துவிடாதீர்கள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் டான்ஸ் இயந்திரம் வைத்திருப்பவர்கள் பேட் (பாட்டுக்கேற்பக் காலால் மிதிக்கும் அம்புக்குறிப் பலகைகள் உள்ள மேடை) திருத்தக் கொடுக்க முன்னர் இதை வாசியுங்கள். நகரத்து விளையாட்டு நிலையம் ஒன்றில் நிற்கும் டான்ஸ் டான்ஸ் ரெவலூஷன் இயந்திரத்தின் இரண்டு பேட்டையும் ஒரு திருத்துனர் பொறுப்பெடுத்தார். "32 சென்சரும் புதிது" என்று துண்டில் எழுதிக் கொடுத்து 85,000 ரூபா வாங்கிப் போனார். மூன்றாம் கிழமை இடது அம்பு அமுங்கிய மாதிரியே நின்றுவிட்டது, கீழ் அம்பு விட்டு விட்டு வேலை செய்தது. கழற்றிப் பார்த்தால் 32 இடத்தில் பழைய சென்சர் 9, அலுமினியத் தாளை ஸ்பொஞ்சில் ஒட்டிச் செய்தது 14. மிச்சம் 9 இடமும் வெறுமை. புதியது ஒன்றுகூட இல்லை.

இத்தனை நாள் இது பிடிபடாமல் ஓடியதற்குக் காரணம் பேட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. ஒவ்வொரு அம்புப் பலகைக்கும் நாலு ஓரத்திலும் ஒவ்வொரு சென்சர் உண்டு. பேட்டுக்கு 16, இரண்டுக்கும் 32. நாலில் எது அமுங்கினாலும் அந்த அம்பு மிதிபட்டதாகவே விளையாட்டு எடுத்துக்கொள்ளும். ஆகவே ஒரே ஒரு நல்ல சென்சரை விட்டுவைத்து, அதன் பக்கமாக மிதித்துக் காட்டினால் அம்பு எரியும், பாட்டும் ஓடும். பார்த்துக்கொண்டு நிற்பவருக்குத் திருத்தி முடிந்த மாதிரித்தான் தெரியும். விளையாடுகிற பிள்ளைதான் மற்ற ஓரத்தில் மிதித்து மிதித்துப் புள்ளியை இழக்கும்.

அதனால் பாட்டுப் போட்டுப் பார்ப்பதை ஒரு சோதனையாக எடுக்கவே வேண்டாம். இயந்திரத்தின் டெஸ்ட் மெனுவுக்குள் போய், சென்சர்களைத் தனித்தனியாகக் காட்டும் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். பலகையைக் கழற்றி வைத்துவிட்டு, ஒவ்வொரு சென்சரையும் விரலால் அமத்துங்கள். ஒன்றை அமத்தினால் திரையில் ஒன்றுதான் எரிய வேண்டும். இரண்டு சேர்ந்து எரிந்தால் செத்த சென்சரின் வயரைப் பக்கத்துச் சென்சரோடு முறுக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். மேலே சொன்ன 9 வெறும் இடத்திலும் நடந்தது இதுதான், கறுப்பு ரேப்புக்குள் சுருட்டி மறைத்திருந்தது. பலகையை மூடிய பிறகு இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். மூடவிடாதீர்கள்.

அலுமினியத் தாளும் ஸ்பொஞ்சும் வீட்டில் சும்மா செய்து விளையாடும் பேட்டுக்குச் சரி. நாள் முழுக்க ஆட்கள் குதிக்கிற இயந்திரத்தில் ஸ்பொஞ் அமுங்கி அப்படியே கிடந்துவிடும், இரண்டு தாளும் தொட்டபடி நிற்கும். அமுங்கியே கிடக்கும் அம்பை எத்தனை தரம் மிதித்தாலும் புதிய மிதியாகப் பதியாது, ஒருக்கால் விடுபட்டு மறுகா அமுங்கினால்தான் பதியும். கடல் காற்றில் தாளின் மேற்பரப்பும் சீக்கிரம் அரிபடும், பிறகு தொட்டாலும் கரண்ட் போகாது.

பலகை சரியாகப் படவேண்டும் என்று சென்சரை உயர்த்துவதற்குப் பெட்டி மட்டையை வெட்டி அடியில் வைத்திருந்ததும் அதே பேட்டில்தான். மாரி காலத்து ஈரத்தில் மட்டை ஊதும், பலகை இறுகும். ரூபாய்க் குத்தி வைப்பதும் பிழை, அது அளவுக்கு மிஞ்சிய மொத்தம், சென்சரை நசுக்கிப்போடும். சரியான வழி கறுப்பு இன்சுலேஷன் ரேப். ஒரு சுற்று கால் மில்லிமீற்றர்கூட வராது. ஒரு படை ஒட்டி, பலகையை வைத்து, சோதித்து, போதாவிட்டால் இன்னொரு படை. உள்ளங்கையை மெல்ல வைத்தால் எரியக் கூடாது, காலை வைத்தால் எரிய வேண்டும். அந்த இடம் வந்ததும் நிறுத்துங்கள். பலகையின் மேல்மட்டம் சுற்றியுள்ள உலோகத்தோடு சமமா என்று இரும்பு அடிமட்டம் வைத்துப் பாருங்கள்.

துரு நீக்கும் ஸ்பிரே அடித்து "சர்வீஸ்" என்று காசு எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். கல்லடிக் கடற்கரையில் இருந்து நேரே வருகிற கால்களோடு மணல் வரும். எண்ணெய் பட்ட இடத்தில் அந்த மணல் களி மாதிரி ஒட்டிக்கொள்ளும், சென்சரின் பசையும் இளகும். மணலை முதலில் வாக்குவம் கொண்டு உறிஞ்சி எடுக்க வேண்டும், பிறகு ஐசோபுரோபைல் அல்ககோல் தொட்ட துணியால் துடைத்து உலரவிட வேண்டும். பச்சை பூத்த பிளக்கைத் துடைத்து மாளாது, முனையை வெட்டிப் புதிது போடுங்கள்.

உண்மையிலேயே எத்தனை சென்சர் மாற்ற வேண்டும் என்பதை நீங்களே பத்து நிமிடத்தில் அறியலாம். மெயின் பிளக்கைக் கழற்றிவிட்டு, சென்சரின் பிளக்கையும் கழற்றி, மல்ரிமீற்றரைச் சத்தம் போடும் இடத்தில் வையுங்கள். தொடாமல் சத்தம் வந்தால் உள்ளே ஒட்டிவிட்டது. அமத்தியும் வராவிட்டால் வயரோ உள் நாடாவோ போய்விட்டது. நீளப்பாட்டில் நாலைந்து இடத்தில் அமத்துங்கள், நடுவில் மட்டும் செத்துப்போன சென்சர் நிறைய உண்டு. வயர் சோல்டர் விட்டதென்றால் மறுபடி பற்றவைத்தால் போதும், அதற்குப் புதிய சென்சரின் விலை கொடுக்கத் தேவையில்லை.

இவ்வளவிலும் எங்களுக்குக் கோபம் வந்த இடம் எர்த் வயர். அந்தத் திருத்துனர் பழைய மூன்று முனைப் பிளக்கை வெட்டி இரண்டு முனைப் பிளக் போட்டிருந்தார். மேடை முழுக்க உலோகம், பிள்ளைகள் ஏறுவது வெறுங்காலோடு, மழைக் காலத்தில் நனைந்த காலோடு. உள்ளே 230 வோல்ட் எங்கேயாவது இயந்திரத்தின் உலோக உடம்பில் தொட்டால் மேடையே கரண்டாகும். பிளக் சுவரில் இல்லாதபோது அதன் எர்த் முனைக்கும் பேட்டின் உலோகத்துக்கும் இடையே மல்ரிமீற்றரால் அளந்து பாருங்கள், ஒரு ஓமுக்குள் வர வேண்டும். வராவிட்டால் அன்றைக்கே இயந்திரத்தை நிறுத்துங்கள். லைனில் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஜப்பானில் இருந்து வந்த இயந்திரமென்றால் அது 100 வோல்ட்டுக்குச் செய்தது. இடையில் இருக்கும் டிரான்ஸ்போமரைக் "தேவையில்லை" என்று கழற்ற விடாதீர்கள்.

பம்ப் இட் அப் என்ற மற்ற டான்ஸ் இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கும் இதே சோதனைதான், அதில் பலகை ஐந்து என்பதால் இடம் கூடும்.

வேலை தொடங்க முன்னரே பற்றுச்சீட்டில் எத்தனை சென்சர், எந்தப் பலகை என்று எழுதச் சொல்லுங்கள். கழற்றிய பழையதெல்லாம் உங்கள் கைக்குத் திரும்பி வரவேண்டும். புதிது 32 என்றால் பழையதும் 32 எண்ணி வாங்குங்கள். ஏற்கனவே ஏமாந்தவர்கள் நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம், தொலைபேசி 1977. வேலை நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், ஆகவே பலகையைத் திறந்த நிலையில் எடுத்த படங்களையும் அந்தத் துண்டையும் இன்றைக்கே எடுத்து வையுங்கள்.